ஓர் இரவு மின்விசிறிக்கு எவ்வளவு நிலக்கரி?

மாணவர்களே, இரவில் உங்கள் மின்விசிறியைச் சுழற்றும் மின்சாரத்தில் ஒரு பகுதி, பேராக் மாநிலத்தின் மஞ்சோங் கடலோரத்திலிருந்து வரக்கூடும். கடலைத் தூர்த்து உருவாக்கிய தீவில் அமைந்துள்ள சுல்தான் அஸ்லான் ஷா மின் நிலையத்தின் 5 அலகுகளும் சேர்ந்து 4000 மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் தர வல்லவை.

அங்கு என்ன நடக்கிறது? வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரி, மாவு போல அரைக்கப்பட்டுக் கொதிகலனில் எரிகிறது. வேதியியல் ஆற்றல் வெப்ப ஆற்றலாகிறது. குழாய்களில் ஓடும் நீர் உயர் அழுத்த நீராவியாகி, டர்பைன் எனும் சுழலியை நிமிடத்துக்கு 3000 முறை சுழற்றுகிறது. இது இயக்க ஆற்றல். சுழலியோடு இணைந்த ஜெனரேட்டரில் காந்தப்புலம் சுழல, கம்பிச் சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. மின்மாற்றி அதன் மின்னழுத்தத்தை உயர்த்தி, வீடுகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் செல்லும் தேசிய மின் கட்டமைப்பில் சேர்க்கிறது.

ஆனால், நவீன நிலையத்திலும் 100 பங்கு வெப்பத்தில் ஏறத்தாழ 40 பங்குதான் மின்சாரமாகிறது. ஆற்றல் அழியாது என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் மீதி எங்கே? சிறு பகுதி புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. பெரும்பகுதி, வேலை முடிந்த நீராவியைக் குளிர்விக்கும் கடல்நீரோடு போய்விடுகிறது. அப்படிக் குளிர்வித்து மீண்டும் நீராக்கினால்தான் சுற்று தொடரும். எனவே இந்த இழப்பைக் குறைக்கலாம், முற்றாக ஒழிக்க முடியாது.

இப்போது கணக்கிடுவோம். 75 வாட் மின்விசிறி 8 மணி நேரம் ஓடினால் 0.6 கிலோவாட் மணி செலவாகும். 1 கிலோ நிலக்கரியிலிருந்து ஏறத்தாழ 2.5 கிலோவாட் மணி மின்சாரம் கிடைப்பதாகக் கொள்வோம். அப்படியானால் உங்கள் ஓர் இரவுக்கு ஏறக்குறைய கால் கிலோ நிலக்கரி தேவை.

அந்தக் கால் கிலோ எரியும்போது வெளியாகும் கரியமில வாயுவோ ஏறத்தாழ அரைக் கிலோ! எப்படி எடை கூடியது? 12 கிராம் கார்பன், காற்றிலுள்ள 32 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்து 44 கிராம் கரியமில வாயுவாகிறது. சாம்பலை வடிகட்டிப் பிடித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத இந்த வாயு வளிமண்டலத்தில் கலந்து புவியை வெப்பமாக்குகிறது. அதனால்தான் புதிய நிலக்கரி மின் நிலையங்களைக் கட்டப்போவதில்லை என்று 2021இல் மலேசிய அரசு அறிவித்தது.

உங்களுக்கு ஒரு பயிற்சி: 1000 வாட் குளிரூட்டி 8 மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் எத்தனை கிலோ நிலக்கரி தேவை? விடை கிடைத்ததும் வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லுங்கள்.