படைவீரர் நினைவைக் காக்கும் வழி

இராணுவத்தில் பணியாற்றிய தாத்தாவின் பதக்கத்தைப் புளியோ பித்தளை பாலிஷோ போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வழக்கம் அன்பால் விளைவதே ஆயினும் தவிர்க்கத்தக்கது. பல பதக்கங்களின் விளிம்பில் வீரரின் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியன நுண்ணிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும், அவை தேய்ந்துவிட்டால் அந்தப் பதக்கம் யாருடையது என்பதற்கான சான்றே அழிந்துபோகும். உலர்ந்த மென்துணியால் துடைத்து, அமிலமற்ற தாளில் சுற்றி வைப்பது போதுமானது.

பழைய புகைப்படங்களை லேமினேஷன் செய்யாமல், அவற்றில் இருப்போரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை, விவரம் அறிந்த மூத்தோர் இருக்கும்போதே கேட்டு, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதிவைக்க வேண்டும். இதுவே மிக அவசரமான பணி எனலாம்.

பணி முடித்து வெளிவரும் வீரருக்கு இராணுவம் அளிக்கும் பணிவிவரக் குறிப்பேடான 'டிஸ்சார்ஜ் புக்'கை ஸ்கேன் செய்து, அதன் நகலை உறவினர் சிலரிடமும் கொடுத்துவைப்பது நலம்.

இரு உலகப் போர்களிலும் உயிர்நீத்த காமன்வெல்த் வீரர்கள் சுமார் 17 லட்சம் பேரின் விவரங்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். ஆயினும் முருகேசன், முத்துசாமி போன்ற தமிழ்ப் பெயர்களை அக்கால எழுத்தர்கள் ஆங்கிலத்தில் கேட்டவாறெல்லாம் எழுதியிருக்கக்கூடும் என்பதால், பல எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பார்ப்பதும், படை எண் தெரிந்திருந்தால் அதனோடு ஒப்பிடுவதும் இன்றியமையாதவை.