நாம் பிழைக்கும் ஈப்போ நகரம்



நம்மில் பலர் ஈப்போவில் கடை வைத்து இரண்டு மூன்று தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆயினும் இவ்வூர் எப்படி உண்டாயிற்று என்று நம் பிள்ளைகள் கேட்டால் விழிக்கிறோம். பிழைக்கும் ஊரின் வரலாற்றை அறிந்தால் வியாபாரத்தின் ஏற்ற இறக்கமும் விளங்கும். ஆதலின் நாம் கேட்டும் படித்தும் அறிந்ததைச் சுருக்கமாக எழுதுகிறோம்.

ஈப்போ என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் பால் கொடிய நஞ்சு. பூர்வகுடி மக்கள் அதை ஊதுகுழல் அம்புகளில் தடவி வேட்டையாடினர். கிந்தா ஆற்றங்கரையில் இருந்த மலாய்க் கம்பம், வெள்ளீயம் தோண்ட வந்த சீனர் பெருகியதால் பட்டணமாயிற்று. 1892-ல் பெருந்தீ ஒன்று ஊரின் பெரும்பகுதியை அழித்தது. ஊரார் கலைந்து போகவில்லை. தெருக்களை ஒழுங்காக வகுத்து மறுபடியும் கட்டினர். பழைய நகரின் தெருக்கள் நேர்நேராக இருப்பதற்கு இதுவே காரணம். பின்னர் யாவ் தெட் சின் என்ற சீனச் செல்வந்தர் ஆற்றின் கிழக்குக் கரையில் புதிய நகரை எழுப்பினார். 1937-ல் பேராக்கின் தலைநகரம் தைப்பிங்கிலிருந்து இங்கு வந்தது. 1988 மே 27-ல் ஈப்போ மாநகரமாயிற்று.

ஈயம் சீனரை அழைத்தது போல் ரப்பர் தமிழரை அழைத்தது. 1877-ல் கோலாகங்சாரில் 9 ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பிற்பாடு தோட்டங்கள் பெருகின. பால்மரம் வெட்டத் தமிழகத்திலிருந்து ஜனங்கள் வந்தனர். நம் முன்னோரும் கப்பலேறி வந்து மளிகை, துணி, சாப்பாட்டுக் கடைகள் வைத்தனர். ஷேக் ஆதம் என்னும் இந்திய முஸ்லிம் வர்த்தகர் 1908-ல் நகரத் திடலருகே கட்டிய பள்ளிவாசல் அக்காலத்து நம்மவர் நிலைக்குச் சாட்சியாக நிற்கிறது.

ஈய விலை சரியாமல் தாங்குவதற்குச் சர்வதேச ஈய மன்றம் ஈயத்தை வாங்கிக் குவித்து வந்தது. 1985 அக்டோபர் 24-ல் அதன் கைப்பணம் தீர்ந்தது. விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. கிந்தாவில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ரப்பர்த் தோட்டங்களிலும் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. தோட்டத்து மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தனர்.

நாம் அப்போது சிறு பிள்ளை. அத்தாவின் பற்றுக் கணக்கு நோட்டில் பாதிப் பெயர்கள் அடிக்கப்படாமலே நின்றன. சம்பள நாளில் வந்து கடனைத் தீர்த்த முகங்கள் பிறகு வரவில்லை. அத்தா அந்த நோட்டைக் கட்டி மேலே வைத்தார். கடனைக் கேட்டு யார் வீட்டுக்கும் போகவில்லை. தோட்டத்தாருக்கு வேண்டிய சரக்கைக் குறைத்து, பட்டணத்தாருக்கு வேண்டியதை வாங்கிப் போட்டார். சில வருஷங்கள் கஷ்டப்பட்டோம், கடை நிலைத்தது. பழைய வாடிக்கை திரும்பும் என்று காத்திருந்த அக்கம்பக்கத்துக் கடைகள் சில மூடிவிட்டன.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் மாநகரமும் இப்படியே வளர்ந்தது. 1851-ல் அதன் சுற்றுப்புறத்தில் பொன் கிடைத்தது. நாலாதிசையிலிருந்தும் ஜனங்கள் குவிந்தனர். பொன் வந்த காலத்திலேயே, 1853-ல், அவ்வூரார் பல்கலைக்கழகம் நிறுவினர். பொன் குறைந்த பின்பும் துறைமுகமும் வர்த்தகமும் கல்வியும் ஊரைக் காத்தன.

ஈப்போவும் அழியவில்லை. சுண்ணாம்புக் குன்றுகளையும் பழைய கடைவீடுகளையும் காணவும், வெள்ளைக் காப்பி அருந்தவும் வெளியூரார் வருகின்றனர். ஒரே காலில் நிற்கும் பந்தல் சாயும் என்பதே இந்த ஊர் கற்பிக்கும் பாடம். ஒரே வாடிக்கையை நம்பிக் கடை நடத்துவோர் இதை யோசிக்க வேண்டும். வரும்படி நன்றாக இருக்கும் காலத்திலேயே பிள்ளைகளின் படிப்புக்கென ஒரு பங்கை ஒதுக்குங்கள். உங்கள் கடையிலும் பழைய பற்று நோட்டு இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதைப் பிள்ளைகளிடம் காட்டி, அதிலுள்ளவர்கள் யார், எங்கே வேலை செய்தார்கள், ஏன் போனார்கள் என்று சொல்லிக் கொடுங்கள். நம் ஊரின் வரலாறு அதிலும் இருக்கிறது.