உறவு வீடு செல்லும் ஒழுங்கும் நம் கடைப் புத்தகமும்



நோன்புப் பெருநாள் ஒரு நாளில் முடிந்துவிடுகிற காரியம் நம் சொந்த ஊர்களில்தான். இந்நாட்டில் ஷவ்வால் மாதம் முழுவதும் வீடு வீடாகச் செல்லும் வழக்கம் உண்டு. நமது ஆயர் குரோவைச் சுற்றியுள்ள கம்போங்குகளிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறியுள்ள தாமான்களிலும் அந்த மாதத்தில் அடுப்பு அணையாது. மளிகைக்காரர்களாகிய நமக்கு அது நல்ல வியாபாரக் காலம். ஆனால் விருந்தின் ஒழுங்கு என்னவென்று நாம் படித்தறிந்திருக்கிறோமா? மதரஸாவில் ஓதிய காலத்தில் உஸ்தாது சொன்னவை பலருக்கு மறந்திருக்கும். அதை நம் தொழிலோடு சேர்த்து ஒருமுறை பார்ப்பதே இந்தப் பாடம்.

முதலில் வாசலில் நிற்போம். திருக்குர்ஆனில் அந்நூர் அத்தியாயத்தின் 27, 28 ஆம் வசனங்கள், பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாது என்றும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்றும் கூறுகின்றன. மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் இல்லையாயின் போய்விட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. கதவுக்கு நேர் எதிரே நிற்காமல் வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நிற்பதும் அவர்களுடைய வழக்கமே. உள்ளிருந்து “யாரது?” என்று கேட்டால் “நான்தான்” என்று சொல்வதை அவர்கள் விரும்பவில்லை. பெயரைச் சொல்ல வேண்டும். “நான்” என்று சொல்லாத திருடன் உண்டா?

இந்த ஒழுங்கை ஏட்டில் படிக்காமலே கடைப்பிடித்து வருகிறவர்கள் மலாய்க் கம்போங்குக்காரர்கள். பழைய மலாக்கா வீட்டுக்கு முன்னால் கல்லும் பூ ஓடும் பதித்த படிக்கட்டு இருக்கும். அதன் கீழே கால் கழுவத் தண்ணீர்த் தாழியும் சிரட்டை அகப்பையும் இருக்கும். வந்தவர் படியின் கீழே நின்று ஸலாம் சொல்வார். மேலே அழைத்தால் ‘செராம்பி’ என்னும் முன்திண்ணையில் உட்காருவார். அதற்கு அப்பால் உள்ளறைக்குப் போகிறவர் நெருங்கிய உறவாகவே இருக்க வேண்டும். பெண்கள் பின்கட்டு வழியாகச் சமையல் பக்கம் போய்விடுவார்கள். மலாக்கா ஆற்றோரத்துக் கம்போங் மோர்த்தனில் இத்தகைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துக் கொண்டுபோய்க் காட்டலாம். நம் இராமநாதபுரத்துத் திண்ணை வீடும் இதுவும் ஒரே புத்தியில் கட்டப்பட்டவை என்பது பார்த்ததும் விளங்கும்.

இன்றைய தாமான் வீட்டில் படியும் இல்லை, தாழியும் இல்லை. இரும்புக் கதவும் மணியும் இருக்கின்றன. வருகிறோம் என்று கைத்தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்பிவிட்டு, பதில் வருமுன் கதவைத் தட்டுகிறவர்கள் அனேகர். செய்தி அனுப்பியது அனுமதி ஆகாது, பதில் வந்தால்தான் அனுமதி.

நிற்க. உள்ளே போனபின் என்ன?

இப்ராஹீம் நபி (அலை) அவர்களிடம் வந்த விருந்தாளிகளின் வரலாறு குர்ஆனில் வருகிறது. அவர்கள் விருந்தினரிடம் “சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்கவில்லை. ஓசையின்றி வீட்டாரிடம் சென்று கொழுத்த கன்றைக் கொணர்ந்து வைத்தார்கள். உலமாக்கள் இதிலுள்ள நயத்தை எடுத்துக் காட்டுவார்கள். கேட்டால் வந்தவர் வெட்கப்பட்டு வேண்டாம் என்பார். நம் வீடுகளில் “சாப்டீங்களா மச்சான்?” என்று வாசலிலேயே கேட்டுவிடுகிறோம். “இப்பத்தான் சாப்பிட்டு வர்றேன்” என்று அவரும் பொய் சொல்லிவிடுகிறார். அழைத்தவருக்குச் செலவு மிச்சம், வந்தவருக்குப் பசி மிச்சம்.

மலாய்க்காரர் வீட்டில் வைத்த பண்டத்தைத் தொடாமல் எழுந்து வருவது பெரிய குறை. அப்படிப் போகிறவருக்கு வழியில் ஏதேனும் தீங்கு வரும் என்று பழைய நாளில் அவர்கள் நம்பினார்கள். அதற்குக் ‘கெம்பூனான்’ என்று பெயர். உண்ண முடியாவிட்டால் விரல் நுனியால் உணவைத் தொட்டு உதட்டில் வைத்துக் கொள்வார்கள். அந்த நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டியதில்லை, அதிலுள்ள மரியாதையை ஏற்கலாம். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் குவே தட்டை அப்பால் தள்ளி வைப்பதற்கும், ஒரு விள்ளல் எடுத்து “பிஸ்மில்லாஹ்” என்று வாயில் இட்டுக்கொள்வதற்கும் வித்தியாசம் உண்டு. சமைத்த பெண்மணி திரைக்கு அப்பால் இருந்தாலும் தட்டு எப்படித் திரும்பி வருகிறது என்று பார்த்துக் கொண்டிருப்பாள்.

உண்ணும் முறையிலும் நமக்கும் அவர்களுக்கும் உறவு உண்டு. கீழக்கரை, காயல்பட்டணம் பகுதிகளில் களரி விருந்தில் சுப்ரா விரித்து, ஒரு சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து சேர்ந்து உண்கிறோம். இங்கே ‘டூலாங்’ என்னும் தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்காருகிறார்கள். தட்டுக்கு அவர்கள் சொல்லும் மற்றொரு பெயர் ‘தாலாம்’. அது நம்முடைய தாலம்தான். ‘கெடாய்’ நமது கடை, ‘அப்பாம்’ நமது ஆப்பம். ‘கெண்டூரி’ என்பதும் நாம் சொல்லும் கந்தூரியும் பாரசீகத்தில் உணவு விரிப்பைக் குறிக்கும் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. விரிப்பு ஒன்று, அதில் உட்கார்ந்தவர்கள் இரு தேசத்தார்.

சேர்ந்து உண்பதே மார்க்கம், தனித்தனித் தட்டு வைப்பது அன்னியர் வழக்கம் என்று சில பெரியவர்கள் கோபிப்பதுண்டு. அந்நூர் அத்தியாயத்தின் 61 ஆம் வசனம் இரண்டிலும் குற்றமில்லை என்கிறது. அதே வசனத்தில் தந்தை, தாய், சகோதரர், சகோதரி, தந்தையின் உடன்பிறந்தார், தாயின் உடன்பிறந்தார், நண்பர் ஆகியோர் வீட்டில் உண்பதில் தவறில்லை என்று பட்டியலே தரப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒன்று, எவருடைய சாவி உங்கள் கையில் இருக்கிறதோ அவருடைய வீடு. பிரயாணம் புறப்பட்டவர்கள் நம்பகமானவர்களிடம் சாவியைக் கொடுத்து, வீட்டிலுள்ளதை உண்ணலாம் என்று சொல்லிப் போனார்கள் என்றும், சாவி வாங்கியவர்கள் உண்ணத் தயங்கினார்கள் என்றும் விளக்கவுரைகளில் வருகிறது. நம் சபராளிகளுக்கு இது நன்றாகப் புரியும். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்திறங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வீடு போவார்கள். சொந்த வீட்டுக்கே விருந்தாளியாகப் போனார்கள் எனலாம். “இந்த மாமா யாரும்மா?” என்று பெற்ற மகனே உம்மாவிடம் கேட்ட கதைகள் நம் முந்திய தலைமுறையில் எத்தனை! அதற்குப் பின் ஓடிய சிதம்பரம் கப்பலும் 1985 தீ விபத்தோடு நின்றுபோயிற்று. இப்போது சில மணி நேரத்தில் திருச்சியில் இறங்குகிறோம். ஆனாலும் அந்தக் காலத்துச் சபராளி பெட்டி நிறையச் சாமான் கொண்டுபோன வழக்கம் மட்டும் இறங்காமல் நிற்கிறது.

இதில்தான் இந்தப் பாடத்தின் முக்கியமான இடம் வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ‘555’ கடன் புத்தகங்கள் கட்டாக இருக்கின்றன. பெருநாள் கழிந்த மாதத்தில் அவற்றைப் புரட்டுகிறவருக்கு ஒன்று தெரியும். தன் வீட்டுச் சோற்றுக்கு வாங்கிய அரிசியும் கருவாடும் கடனாக நிற்பதில்லை, அவற்றை எப்படியோ கொடுத்துவிடுகிறார்கள். நிற்பவை பிறர் வீட்டுக்குக் கொண்டுபோக வாங்கிய பிஸ்கட் டின், புட்டிப் பானம், கூடை கட்டிய பழம் ஆகியவை. ஒரு ராத்தாவுக்கு மூன்று தம்பி வீடுகள் என்றால் மூன்று டின். தம்பி மனைவி சென்ற ஆண்டு இன்ன டின் கொண்டுவந்தாள், நாம் குறைவாகக் கொண்டுபோனால் என்ன நினைப்பாள் என்று கணக்கு. பிள்ளைகளுக்குப் பச்சை உறையில் வைக்கும் பெருநாள் காசு வேறு. இப்படி இரண்டு மூன்று ஆண்டு இழுத்துப் பார்த்துவிட்டு, கையில் இல்லாதவர் வருவதையே நிறுத்திவிடுகிறார். ஏன் வரவில்லை என்று கேட்டால் “வேலை” என்பார். கடைக்காரனிடம் மட்டும் உண்மை வெளிவரும்: “கையை வீசிக்கிட்டு எப்படி பாய் போறது?”

ஓர் ஏழை உறவினர் வாசலுக்கு வராமல் போவது எத்தகைய நஷ்டம் என்று யோசியுங்கள். பெரியத்தா மகனை நம் பிள்ளைக்குத் தெரியாது. பெண் கேட்கவும், மய்யித்துக்குத் தோள் கொடுக்கவும், கடன் சாட்சிக்கு நிற்கவும் அவர் வரமாட்டார். ஒரு டின் பிஸ்கட் உறவை அறுத்துவிட்டது. அந்த டின்னை விற்றவர்கள் நாம்.

கையில் எதையாவது கொண்டுபோவது நல்ல வழக்கந்தான். மலாய்க்காரர்கள் இதைப் ‘புவா தாஙான்’, அதாவது கைப்பழம் என்பார்கள். பெயரே சொல்லுகிறது, தோட்டத்தில் பறித்த ரம்புத்தானோ ஒரு சீப்பு வாழைப்பழமோ என்று. அண்டை வீட்டாள் கொடுப்பது ஓர் ஆட்டுக்குளம்பாயினும் அதை அற்பமாக எண்ணக் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் பெண்களைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆணம் வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னதும் நாம் அறிந்ததே. கறியைக் கூட்டும்படி சொல்லவில்லை, தண்ணீரைக் கூட்டும்படிதான் சொன்னார்கள். ஆணத்தில் தண்ணீர் கூடினால் ருசி குறையும், இது சமையற்காரர் எவருக்கும் தெரியும். தெரிந்தே அப்படிச் சொன்னார்கள்.

பெரிய விருந்துக்கும் முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 7 ஆம் ஆண்டில் கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களுடைய திருமண விருந்து நடந்தது. அதில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பில் பேரீச்சம்பழமும் பாலாடைக் கட்டியும் நெய்யும் வைக்கப்பட்டன, அவரவர் தம்மிடம் உள்ளதைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கம்போங்கில் ‘ரேவாங்’ என்று சொல்லிக்கொண்டு ஊரார் கூடிச் சமைப்பதை இதற்கு ஒப்பிடலாம். வீட்டோரம் கொட்டகை போட்டு, ஒருவர் தேங்காய் துருவுவார், ஒருவர் வெங்காயம் உரிப்பார், பெரியவர் ஒருவர் கொப்பரை அடுப்பைக் கவனிப்பார். இன்று பல இடங்களில் இதுவும் குறைந்து, சமையல் குத்தகைக்காரர் வந்துவிட்டார். தலைக்கு இவ்வளவு வெள்ளி என்று பேசிவிட்டால், எத்தனை தலை என்ற கேள்வி வரும். அப்போது முதலில் வெட்டப்படுவது ஏழையின் பெயர்தான். செல்வரை அழைத்து ஏழையை விட்டுவிடும் கலியாண விருந்தே உணவுகளில் கெட்டது என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

தோட்டத்துத் தமிழ்ச் சகோதரர்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-ல் தான் சே யான் ரப்பர் பயிரிட்ட நாளிலிருந்து, தோட்டத்து லயங்களும் நம்மவர் கடைகளும் ஒன்றையொன்று நம்பியே வளர்ந்தன. தீபாவளிக்கு அவர்கள் நமக்கு முறுக்கு கொடுத்தனுப்புவார்கள், பெருநாளைக்கு நாம் அழைக்கிறோம். அவர்கள் வரும் நாளில் மாட்டிறைச்சி சமைக்காமல் கோழியோ ஆடோ வைப்பது நம்மவர் வழக்கம். மரக்கறி உண்பவருக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி வைத்து, “இது உங்களுக்குன்னு தனியா செஞ்சதுங்க அண்ணே” என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொன்னால்தான் அவர் நிம்மதியாகச் சாப்பிடுவார். அவ்வாறே அவர்களும் நமக்கு ஆகாததை நம் முன் வைப்பதில்லை.

விருந்தாளிக்கும் கடமை உண்டு. முப்பத்து மூன்றாம் அத்தியாயத்தின் 53 ஆம் வசனம், நாயகத்தின் இல்லத்துக்கு உணவு தயாராகுமுன்பே வந்து காத்திருக்க வேண்டாம், உண்டபின் பேச்சில் ஆழ்ந்து உட்கார்ந்திருக்கவும் வேண்டாம் என்கிறது. விருந்து மூன்று நாள், அதற்கு மேல் தர்மம் என்பது ஹதீஸ். வீட்டாரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் அளவுக்குத் தங்குவது ஆகுமானதல்ல என்றும் அதில் இருக்கிறது. கடையடைத்துவிட்டு இரவு பத்து மணிக்கு மச்சான் வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு வரை தேத்தண்ணீர் குடிக்கும் நம்மவர் இந்த வசனத்தைத் தனியே எடுத்து ஓதலாம். மறுநாள் விடியலில் இடியாப்பம் பிழிய எழுந்திருக்க வேண்டியவள் அந்த வீட்டுப் பெண். அவளுக்கு யார் விருந்து வைப்பது?

கடைக்காரர்கள் செய்யக் கூடியது என்ன? மார்க்கப் பேச்சு வாடிக்கையாளரிடம் செல்லாது. பெருநாளுக்குப் பத்து நாள் முன்னதாக, பெரிய டின்களை வாசலில் அடுக்குவதற்குப் பதிலாக, பேரீச்சம்பழமும் குலா மலாக்காவும் அரைக் கிலோ, கால் கிலோப் பொட்டலமாகக் கட்டி முன்னால் வைக்கலாம். குலா மலாக்கா தென்னம் பாளைப் பதநீரைக் காய்ச்சி எடுப்பது, நம் கருப்பட்டிக்குத் தம்பி. எந்த வீட்டுக்கும் கொண்டுபோகலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பிரியாணி அரிசி கடனுக்குக் கேட்கிறவரிடம் எத்தனை பேர் என்று கேட்டு, கிலோவுக்குப் பத்துப் பேர் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கலாம். பயத்தினால் இரண்டு மடங்கு வாங்கிவிட்டு மிச்சத்தை வடிகாலில் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கு அன்று விற்பனை குறையும், ஆனால் அவருடைய ‘555’ அடுத்த மாதமே தீரும். தீராத புத்தகம் சரக்கும் போய் வாடிக்கையும் போன புத்தகம் என்பது தொழிலில் உள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று. பலகாரம் வந்த பாத்திரத்தை மலாய் வீடுகளில் வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒரு பிடி சீனியாவது, நான்கு முட்டையாவது போட்டு அனுப்புவார்கள். நம் வீடுகளிலும் முன்பு இருந்ததுதான். வராமல் நின்றுபோன அந்த உறவினர் வீட்டுப் பாத்திரம் ஏதேனும் உங்கள் அடுக்களையில் கிடக்கிறதா என்று வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள். இருந்தால், இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கொஞ்சம் சீனி போட்டு நீங்களே எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கலாம்.

அகீகா விருந்தின் சட்டங்களை, இன்ஷா அல்லாஹ், அடுத்த மடலில் பார்ப்போம்.