தொடையின் ஆழ்சிரையும் பெயரால் விளையும் மயக்கமும்

ஏழாயிரம்பண்ணையைச் சூழ்ந்த ஊர்களிலே பட்டாசுத் தொழிலால் ஜீவனம் செய்வோர் அநேகர். திரி செருகுவோரும், காகிதம் ஒட்டுவோரும், பெட்டியில் அடுக்குவோரும் நெடுநேரம் தரையில் அமர்ந்தே வேலை செய்வர். இத்தகையோரில் ஒருவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி நோவெடுப்பின், அதனைச் சுளுக்கென்று பெயரிட்டு எண்ணெய் தடவி உருவிவிடுவாருண்டு. அப்பெயரால் உயிருக்கே கேடு வரக்கூடும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

காலிலிருந்து இரத்தத்தை இருதயத்துக்கு மீளக் கொண்டுசெல்லும் குழாய்கள் சிரைகள் எனப்படும். அவற்றுட் சில தோலின் கீழும், சில தசைகளின் நடுவே ஆழத்திலும் உள. முழங்காலின் பின்குழியிற் செல்லும் ஆழ்சிரை, தொடைத் தசையிலுள்ள ஒரு துவாரத்தைக் கடந்தபின் தொடைச்சிரை எனப் பெயர் பெறும். அது தொடைத் தமனிக்குத் துணையாய் மேலேறி, தொடையிடுக்கைக் கடந்து வயிற்றினுட் புகுகின்றது.

இரத்தம் கீழிருந்து மேலேறுவது எங்ஙனம்? நாம் நடக்கையில் கெண்டைக்காற் சதை சுருங்கிச் சிரைகளைப் பிழிகின்றது. சிரைகளினுள்ளே கதவுபோல் அமைந்த இதழ்கள், ஏறிய இரத்தத்தை மீண்டும் இறங்கவிடா. பதுவா நகரத்துப் பேராசிரியர் பப்ரீசியஸ் 1603-இல் இவ்விதழ்களை நூலில் விளக்கினார்; அவருடைய மாணாக்கராகிய ஹார்வி 1628-இல் இரத்தம் சுற்றியோடுதலை நிலைநாட்டினார். நெடுநேரம் அசையாதிருப்பின் இரத்தம் தேங்கும். தேக்கமும், சிரைச்சுவரின் காயமும், இரத்தம் உறையுந் தன்மை மிகுதலும் ஆழ்சிரையில் இரத்தக்கட்டி உண்டாவதற்கு ஏதுக்களாம். அக்கட்டி பெயர்ந்து சென்று நுரையீரற் குழாயை அடைப்பின் திடீர் மரணமும் நேரும்.

பெயரால் மயங்குவோர் பாமரர் மாத்திரமல்லர். தொடைச்சிரையின் ஒரு பகுதிக்கு ஆங்கில வைத்திய நூலார் ‘மேலோட்டத் தொடைச்சிரை’ எனப் பெயரிட்டிருந்தனர். உண்மையில் அதுவும் ஆழ்சிரையே. அதிற் கட்டியுண்டென்று அறிந்தும், மேற்சிரைதானே எனக் கருதி, உறைதலைத் தடுக்கும் மருந்தைக் கொடாது விடும் வைத்தியர் பலர் என்று 1995-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. 2002-இல் வெளியான பன்னாட்டு அறிஞரின் தீர்மானம் அப்பெயரை விலக்கித் தொடைச்சிரை என்பதையே நிறுத்திற்று.

ஆதலின், விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணாக்கர் இதனை இல்லந்தோறும் எடுத்துரைப்பாராக. ஒரு கால் மட்டும் வீங்கி, நோவும் சூடும் காணின் உருவலாகாது. அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும். ஒலியலைச் சோதனை கட்டியைக் காட்டும், மருந்தும் உண்டு. மூச்சுத்திணறலோ மார்புநோவோ சேரின் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. எண்ணிக்கைக்குக் கூலி பெறுவோர்க்கு இடையிடையே எழுந்து நடப்பது நஷ்டமாகத் தோன்றும். அச்சிறுபொழுதை மனமுவந்து அளிப்பது வேலை வாங்குவோர் கடமையன்றோ!