மூலமற்றத்து நீரும் நம் வீட்டு விளக்கும்

மலையாளத்தில் பத்தாம் வகுப்பு படிக்கும் நம் பிள்ளைகள் இதை ‘வைத்யுத காந்திக ப்ரேரணம்’ என்று படிக்கிறார்கள். தமிழில் மின்காந்தத் தூண்டல். காந்தம் மின்சாரத்தைக் கொடுப்பதில்லை, தூண்டத்தான் செய்கிறது என்பது பெயரிலேயே விளங்குகிறது.

1831 ஆகஸ்டில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பி சுற்றினார். ஒரு சுருளை மின்கலத்துடன் இணைத்த கணத்தில், மற்றச் சுருளோடு பொருத்திய காந்த ஊசி அசைந்து பழைய நிலைக்குத் திரும்பியது. மின்னோட்டம் சீராகப் பாய்ந்தவரை அசைவில்லை. இணைப்பைத் துண்டித்ததும் எதிர்ப்பக்கம் அசைந்தது. சில வாரங்கள் கழித்து, ஒரு காந்தத்தைச் சுருளுக்குள் செலுத்தியும் வெளியே இழுத்தும் அதே விளைவைக் கண்டார். காந்தப்புலம் இருந்தால் மட்டும் போதாது. அது மாறிக்கொண்டே இருக்க வேண்டும். காந்தச் சோதனையிலிருந்து மின்னாக்கி பிறந்தது, வளையத்திலிருந்து மின்மாற்றி.

திருவனந்தபுரத்துக்கு மின்விளக்கு வந்தது 1929-இல். மூணாறு அருகே பள்ளிவாசலில் 1940-இல் முதல் பெரிய நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்று கேரளத்தில் பெரியது இடுக்கித் திட்டம்தான். 1976-இல் முதற்கட்டம் தொடங்கியது. அணையின் நீர் சுரங்கம் வழியாகவும் குழாய்கள் வழியாகவும் ஏறத்தாழ 660 மீட்டர் இறங்கி, மூலமற்றத்தில் மலையைக் குடைந்து அமைத்த நிலையத்தை அடைகிறது. அடியில் நீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 66 கிலோ! இத்தகைய குழாய்கள் விளையாட்டல்ல. 2007-இல் பன்னியாறு நிலையத்தின் குழாய் வெடித்து ஊழியர்கள் உயிரிழந்தார்கள்.

மூலமற்றத்தில் 130 மெகாவாட் இயந்திரங்கள் ஆறு. பீய்ச்சியடிக்கும் நீர், கிண்ணங்கள் பொருத்திய பெல்ட்டன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பாடநூல் படத்தில் காந்தம் நிற்கும், சுருள் சுழலும். பெரிய இயந்திரங்களில் நேர்மாறு: நடுவே மின்காந்தங்கள் சுழல, சுற்றிலும் கம்பிச்சுருள்கள் அசையாமல் நிற்கின்றன. பெருத்த மின்னோட்டத்தைச் சுழலும் பகுதியிலிருந்து வெளியே எடுக்கும் தொல்லை இதில் இல்லை. நிமிடத்துக்கு 375 சுற்று, எட்டு இணைக் காந்த முனைகள் என்றால் நிமிடத்துக்கு 3000 அலைகள், நொடிக்கு 50. நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் அதுதான்.

சைக்கிள் டைனமோவை அழுத்தி மிதித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும்: விளக்கு எரியத் தொடங்கியதும் மிதி கனக்கும். தூண்டப்பட்ட மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய அசைவையே எதிர்க்கிறது. இதுவே லென்ஸ் விதி. மாலையில் சாலையிலும் கரமனையிலும் விளக்குகள் எரியத் தொடங்கும்போது மூலமற்றத்துச் சக்கரமும் கனக்கிறது. வேகம் குறையாதிருக்கக் கூடுதல் நீர் விட வேண்டும். ஆயிரம் லிட்டர் நீர் அந்த உயரத்திலிருந்து விழுந்தால் கிடைப்பது சுமார் ஒன்றரை யூனிட்தான். வெறும் அறையில் ஓடும் மின்விசிறியை நிறுத்தாத வீடுகள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம்.

இனி, அனுப்பும் வழி. மின்னாக்கியிலிருந்து மின்சாரம் 11,000 வோல்ட்டில் வெளிவருகிறது. அப்படியே அனுப்பினால் கம்பி சூடாகியே பெரும்பகுதி வீணாகும். மின்மாற்றி அதை 2,20,000 வோல்ட்டாக உயர்த்துகிறது. அழுத்தம் 20 மடங்கானால், அதே திறனுக்கு மின்னோட்டம் இருபதில் ஒரு பங்கு போதும். இழப்பு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே 400-இல் ஒரு பங்காகிறது. போத்தன்கோடு போன்ற துணை மின்நிலையங்களில் அழுத்தம் குறைந்து, தெருமுனை மின்மாற்றியில் 230 வோல்ட்டாகி வீட்டுக்குள் வருகிறது.

‘மின்மாற்றி நேர்மின்னோட்டத்தில் ஏன் இயங்காது?’ என்பது தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி. ஃபாரடேயின் ஊசியே விடை: சீரான மின்னோட்டத்தில் புலம் மாறுவதில்லை. ஆயினும் தமிழ்நாட்டுப் புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2021 முதல் மின்சாரம் வருவது நேர்மின்னோட்டமாகத்தான். 2000 மெகாவாட் கொண்டுவரக்கூடிய அந்தப் பாதையின் ஒரு பகுதி கேரளத்தில் மண்ணுக்கடியில் கேபிளாகச் செல்கிறது. அழுத்தத்தை உயர்த்தவும் குறைக்கவும் அங்கும் இரு முனைகளிலும் மின்மாற்றிகள் உண்டு. நடுவழியில் மட்டுமே அது நேர்மின்னோட்டம்.