எண்ணிக்கை சரியாக இருந்தால் போதுமா?

கல்யாணமாகி ஓரிரு ஆண்டில் குழந்தை இல்லையென்றால், மனைவிக்கு ஸ்கேன், ஊசி, மாத்திரை என்று வரிசையாகத் தொடங்கிவிடும். கணவருக்கு ஒரே ஒரு விந்துப் பரிசோதனைதான். அது 'நார்மல்' என்று வந்தால், அவர் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது பெரிய அநியாயம்.

நம்பிக்கை: ரிப்போர்ட் நார்மல் என்றால் விந்தணுவில் குறையே இல்லை.

உண்மை: வழக்கமான பரிசோதனை எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் ஆகியவற்றையே முக்கியமாகப் பார்க்கிறது. விந்தணுவின் தலைக்குள் இறுகச் சுருண்டிருக்கும் டி.என்.ஏ. இழை அறுந்திருக்கிறதா என்பது அதில் தெரியாது. அதற்குத் தனிச் சோதனைகள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டிலும் அவை இடம்பெற்றுள்ளன.

நம்பிக்கை: இழை அறுந்த விந்தணுக்களின் பங்கு, அதாவது சிதைவு, 30 சதவீதத்தைத் தாண்டினால் குழந்தை பிறக்காது.

உண்மை: அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரு முறையில் விந்தணுக்களை அகரோஸ் கூழில் பதித்து, அமிலத்தில் நனைத்து, புரதங்களை நீக்குகிறார்கள். இழை முழுதாக இருந்தால் சுருள் அவிழ்ந்து, நிலா கோட்டை கட்டியதுபோல் தலையைச் சுற்றி வட்டம் விரியும். அறுந்திருந்தால் வட்டம் சிறுத்துப்போகும், அல்லது இருக்கவே இருக்காது. இன்னொரு முறையில் ஆக்ரிடின் ஆரஞ்சு சாயம் முழு இழையில் பச்சையாகவும், அறுந்து பிரிந்த இழையில் சிவப்பாகவும் ஒளிரும். 30 என்ற எல்லை இந்தச் சாய முறையில் வந்தது. அதை எல்லா முறைக்கும் பொருத்தக் கூடாது. அதைத் தாண்டினால் வாய்ப்பு குறையலாம், கதவு மூடிவிடுவதில்லை. சினைமுட்டைக்கே ஓரளவு சிதைவைச் சரிசெய்யும் திறன் உண்டு.

நம்பிக்கை: பல நாள் அடக்கிவைத்தால் விந்து வலுப்படும்.

உண்மை: எண்ணிக்கை கூடும், தேங்கிய விந்தணுக்களில் சிதைவும் கூடலாம்.

நம்பிக்கை: கரு கலைந்தால் குறை பெண்ணிடம்தான்.

உண்மை: அடுத்தடுத்துக் கரு கலைந்த தம்பதியரில், கணவரின் விந்தணுவில் டி.என்.ஏ. சிதைவு கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. இப்படிப்பட்ட தம்பதியர் மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

புகை, கடும் காய்ச்சல், விரைப்பைச் சூடு, வேரிகோசீல் (விரைப்பைச் சிரைகளின் வீக்கம்), ஏறும் வயது எல்லாம் சிதைவைக் கூட்டக்கூடியவை. வயதைத் தவிர மற்றவற்றுக்கு வழி உண்டு. புது விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும் என்பதால், புகையை விட்டு, தேவையான சிகிச்சை எடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள். பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே போங்கள்.