கணிப்பொறியில் தடைப்படும் இடத்தைக் கண்டறிதல்

கணிப்பொறியின் வேகம் அதன் மிக விரைவான உறுப்பைப் பொறுத்ததன்று. பெரிதும் தாமதிக்கும் உறுப்பையே பொறுத்தது. ஆகவே புதிய உறுப்பு வாங்குமுன் தடைப்படும் இடத்தைக் கண்டறிதல் அவசியமாகும்.

மும்பையில் அணுசக்தி நகரை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையம் 1991-ஆம் ஆண்டு முதல் "அனுபம்" என்னும் இணைக் கணிப்பொறிகளை உருவாக்கியது. சந்தையில் கிடைக்கும் செயலிகள் பலவற்றை இணைத்து, ஒரே கணக்கைப் பங்கிட்டுச் செய்விப்பதே இவற்றின் தத்துவம். ஆயினும் செயலிகள் பெருகும் விகிதத்தில் வேகம் பெருகுவதில்லை.

100 நிமிடக் கணக்கொன்றில் 20 நிமிடப் பகுதி பங்கிட இயலாதது எனக் கொள்வோம். எஞ்சிய 80 நிமிட வேலையை 4 செயலிகள் 20 நிமிடத்தில் முடிக்கும். மொத்தம் 40 நிமிடம். 8 செயலிகளாயின் 30 நிமிடம். எத்தனை செயலிகளைச் சேர்ப்பினும் 20 நிமிடத்திற்குக் கீழே செல்லாது. 1967-இல் ஜீன் அம்தால் முன்வைத்த வாதத்தின் சாரம் இதுவே. செயலிகள் தம்முள் செய்தி பரிமாறும் நேரமும் இதனுடன் சேரும்.

குறைந்த விலைக் கணிப்பொறிக்கும் இந்நோக்கு பொருந்தும். விளையாட்டோ முப்பரிமாணப் படக்காட்சியோ தயங்கி ஓடினால், திரையில் வரையப்படும் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்க்க. வேகம் கூடினால் தடை வரைவுச் செயலியில் உள்ளது. கூடாவிடில் மையச் செயலியை ஐயுறுக. இடையிடையே நின்று, வட்டு ஓயாது இயங்கினால் நினைவகம் போதாமல் இருக்கலாம். சிறிது நேரம் நன்றாக ஓடிப் பின் தளர்ந்தால் வெப்பம் காரணமாகலாம். விசிறியின் தூசியை நீக்குதற்குச் செலவில்லை. ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றி, முன்னும் பின்னும் அளந்து குறித்தல் வேண்டும்.

பயிற்சி: மேற்கூறிய கணக்கை 16 செயலிகளுக்குச் செய்க. இரட்டிப்புச் செலவினால் மிஞ்சும் நிமிடங்கள் எத்தனை?